கால் கழுவி வருவதற்குள் ஒரு பொரியல்

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த என் அருமை அண்ணனுக்கு,

பேராவூரணிப் பக்கம் தென்னை மரமெல்லாம் ஒரே ராத்திரியில் வேரோடு பிடுங்கிக்கொண்டு படுத்ததே, கரண்டுக் கம்பங்கள் நம் சம்பா வயலில் குறுக்கும் நெடுக்கும் கிடந்தனவே, மன்னார்குடிக் கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்துபோய் ஆளாளுக்கு அகல் விளக்கு வாங்கிக்கொண்டு வந்தார்களே, அந்தப் புயல் வருஷம்தான் நீ செத்தாய். வருஷத்தை நம்பராகச் சொல்ல எனக்குத் தெரியாது. எந்த வருஷம் எது சாய்ந்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். அந்த வருஷம் சாய்ந்ததில் நீயும் ஒன்று.

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் சொன்னேன். நீ போன பிறகு அது தானாகவே 'நீ' ஆகிவிட்டது. அங்கிருந்து கை எட்டினால் அடித்துக்கொள்.

எனக்கு எழுதப் படிக்க வராது என்பது உனக்குத் தெரியும். ஏன் வராது என்பதும் தெரியும். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வந்தவன் நீதானே. அதனால் நான் சொல்லச் சொல்ல இதைப் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் எழுதுகிறாள். அவள் புருஷன் குவைத்தில் இருக்கிறார். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள். தங்கமான பெண். முதல் நாலு வரியைக் கேட்டதுமே பேனாவை நிறுத்திவிட்டாள்.

"இறந்தவங்களுக்கு இப்படியா மாமா எழுதுவாங்க?"

"எழுதும்மா. உயிரோட இருந்தப்ப அவரு பேசினதுக்கு இது மரியாதைதான்."

எழுதுகிறாள்.

இங்கே சேதி என்னவென்றால், உன் சாய்வு நாற்காலியின் துணி கிழிந்துவிட்டது. கட்டையை மட்டும் பிரித்துப் பாகல் கொடிக்கு நட்டிருக்கிறோம். உன் சைக்கிளைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான். உன் போட்டோவைக் கூடத்தில் மாட்டுவதாக உன் மகன் செந்தில் சொன்னபோது அண்ணிதான் வேண்டாம் என்றார்கள். "அடுப்படியில மாட்டு. அவரு ஒரு நாளும் உள்ள வந்து பாத்ததில்ல. இப்ப பாக்கட்டும்." அடுப்புக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. எண்ணெய்ப் புகை பிடித்து உன் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. கடுகு வெடிக்கும்போது சில நேரம் உன் கன்னத்தில் போய்த் தெறிக்கிறது. துடைப்பதில்லை.

இன்னொரு சேதி. அந்த அடுப்பில் இப்போது கரண்டி பிடிப்பவன் நான். ஆமாம், உன் தம்பி. ஆம்பிளை தாண்டக் கூடாது என்று நீ சொன்ன அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே நின்று தினமும் பொரியல் செய்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும். சிரி. கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அண்ணி இந்த வீட்டில் முதன்முதலாகச் சமைத்த நாள்? உனக்கு இருக்காது. எனக்கு இருக்கிறது. கொல்லை வாழையில் அறுத்த நுனி இலை. உனக்கு, அப்பாவுக்கு, எனக்கு, மூன்று இலை. புடலங்காய் பொரியல். அந்தப் பெண் ஒவ்வொரு இலைக்கும் அளந்து அளந்து வைத்தது. நீ ஒரு வாய் வைத்தாய். ஆறியிருந்தது. அவ்வளவுதான் குற்றம். இலையை மூடினாய்.

கல்யாண வீட்டிலும் நல்ல நாளிலும் நாம் இலையை நம் பக்கமாக மூடுவோம். வயிறும் மனசும் நிறைந்தது, இந்த உறவு இன்னும் வேண்டும் என்று அர்த்தம். எழவு வீட்டில் மட்டும்தான் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடுவது. இந்தச் சேதி இந்த வீட்டுக்குத் திரும்ப வரவேண்டாம் என்று. நீ அன்றைக்கு எதிர்ப்பக்கமாக மூடினாய். புதுப்பெண் மஞ்சள் கயிறு ஈரம் காயாமல் நிற்கிறது.

அப்பாவே பதறிவிட்டார். "டேய், உயிரோட இருக்கிறவங்க வீடுடா இது."

"சோறு செத்துக் கிடக்குதுல்ல. அப்புறம் எப்படி மூடுறது?" என்றாய்.

அந்த ஒரு வாக்கியத்தை எங்கிருந்து பிடித்தாய்? யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இத்தனை வயதுக்கு எத்தனையோ கெட்ட வார்த்தை கேட்டுவிட்டேன். அது மாதிரி ஒன்று கேட்டதில்லை.

அதன்பிறகு நீ ஒரு சட்டம் போட்டாய். மத்தியானம் வயலிலிருந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, கொல்லையில் கை கால் கழுவிவிட்டு வருவாய். நீ மணையில் உட்காரும்போது பொரியல் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வரவேண்டும். முன்கூட்டியே செய்து வைத்திருந்தால் தெரிந்துவிடும். நாக்கு உனக்குப் பாம்பு நாக்கு. நீ கால் கழுவி வருகிற நேரம்தான் அண்ணிக்குக் கொடுத்த நேரம். பிந்தினால் எதிர்ப்பக்கம். ஆறினால் எதிர்ப்பக்கம். உப்பு ஒரு கல் குறைந்தால் எதிர்ப்பக்கம்.

அந்த நேரத்துக்குள் ஒரு பொரியலை எப்படிச் செய்வது என்று உனக்குத் தெரியுமா? தின்றாயே தவிரத் தெரிந்துகொண்டாயா? காயைக் காலையிலேயே நறுக்கி வைக்கவேண்டும். புடலங்காய் என்றால் மேலே இருக்கிற வெள்ளைப் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி, பிளந்து, உள்ளே இருக்கிற பஞ்சை வழித்து, பிறை பிறையாக மெல்லிசாக அரியவேண்டும். உப்புப் போட்டுப் பிசிறி வைத்தால் தண்ணீர் விடும். அதை ஒட்டப் பிழிந்துவிட்டால் காய் பாதி வெந்த மாதிரி. தேங்காயைத் துருவி ஒரு பக்கம், பயத்தம்பருப்பை ஊறவைத்து ஒரு பக்கம். விறகு அடுப்பு திடீரென்று எரியாது இல்லையா? அதற்குப் பன்னாடை. தென்னை மட்டைக்கு அடியில் வலை மாதிரி இருக்குமே, அதைக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அடுப்பு மூலையில் வைத்திருப்பார்கள். உன் சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டதும் ஒரு பிடி பன்னாடை உள்ளே போகும். குப்பென்று பிடிக்கும். எண்ணெய், கடுகு, உளுந்து, கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை, காய். மூடி போடாமல் பெருந்தீயில் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நீ துண்டால் காலைத் துடைக்கும்போது தேங்காய்ப்பூ விழும். நீ உட்காரும்போது இலையில் ஆவி பறக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மாட்டுக் கொட்டகையிலிருந்து பார்த்தால் அடுப்படியின் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். எனக்கு ஏன் கொட்டகையில் சாப்பாடு என்பதாவது ஞாபகம் இருக்கட்டும். ஒரு நாள் நீ எதிர்ப்பக்கம் மூடியபோது நான் கேட்டேன், "அவங்களும் மனுஷிதானேண்ணே" என்று. தண்ணீரோடு இருந்த சொம்பை எடுத்து வீசினாய். இடது புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. நூர்ஜஹான் இப்போது நிமிர்ந்து அதைப் பார்க்கிறாள். அன்றையிலிருந்து எனக்கு இலை கொட்டகைக்கு வந்தது. பெண் பார்க்கவும் நீ போகவில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆனால் நிலத்தைப் பாகம் பிரிக்கவேண்டி வரும் என்று உனக்குத் தெரியாதா என்ன? நானும் மாடும் ஒரே கூரையில் கிடந்தோம். மாட்டுக்கு நீ பெயர் வைத்துக் கூப்பிட்டாய்.

அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. உன் இலை எடுத்த பிறகு, சட்டியில் ஒட்டியதைச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நின்றுகொண்டே நாலு வாய். அதற்குள் பாத்திரம் காய்ந்துவிடும்.

இப்போது சொல்லப்போவதை எழுதலாமா என்று நூர்ஜஹான் கேட்டாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணியின் அப்பா இறந்த சேதி வந்தது ஒரு மத்தியானம். வலங்கைமானிலிருந்து ஆள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். நீ அப்போதுதான் கால் கழுவிக்கொண்டிருந்தாய். அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. சேதி கேட்டு அவர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். நீ காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "செத்தவரு எங்கயும் போயிடமாட்டாரு. பொரியலப் போட்டுட்டுப் போ."

போட்டார்கள் அண்ணே. அழுதுகொண்டே புரட்டி, தேங்காய்ப்பூ தூவி, சுடச்சுட உன் இலையில் போட்டார்கள். நீ அவசரமே இல்லாமல் சாப்பிட்டாய். ரசம் கேட்டாய். மோர் கேட்டாய். முடித்துவிட்டு எதிர்ப்பக்கமாக மூடி, "இன்னைக்கு முறையாத்தான் மூடியிருக்கேன்" என்றாய். சிரித்தாய். மத்தியான பஸ் போய்விட்டது. நான்தான் அடுத்த பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள், நாங்கள் தெருமுனையில் இறங்குகிறோம். அண்ணி தன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணியின் முந்தானையில் தாளித்த வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களும் அதை முகர்ந்திருப்பார்கள். என்ன நினைத்திருப்பார்கள்?

உன் முகத்தை உன் மகனும் பார்க்கவில்லை. தெரியுமா? புயல் அடித்த மறுநாள் விடியற்காலையில் நீ போனாய். டவர் இல்லை, போன் இல்லை. நீடாமங்கலம் வரைக்கும் ரோட்டில் மரம். கரண்டு இல்லாததால் ஐஸ் பெட்டியும் இல்லை. நீ வாடை எடுக்க ஆரம்பித்ததும் ஊரார் அவசரப்படுத்தினார்கள். ஆள் விட்டுச் சேதி போய், செந்தில் சென்னையிலிருந்து வந்து இறங்கும்போது நீ சாம்பல். உன் பிள்ளை தெருமுனையில் உட்கார்ந்து அழுதான். அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எதையோ சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

உன் காரியத்தன்று சாப்பாடு போட வாழை இலையே கிடைக்கவில்லை. டெல்டா முழுக்க வாழை மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. கடைசியில் கும்பகோணத்திலிருந்து பேப்பர் தட்டு வாங்கி வந்து பந்தி போட்டோம். பேப்பர் தட்டை எந்தப் பக்கமும் மூட முடியாது. காலமெல்லாம் எதிர்ப்பக்கம் மூடினாயே, உனக்காக எதிர்ப்பக்கம் மூடவேண்டிய நாளில் உன் வீட்டில் இலை இல்லை. நான் கொட்டகையில் போய்ச் சிரித்தேன். மாடு மட்டும் பார்த்தது.

அதன்பிறகு நானும் அண்ணியும். அவர்கள் சமைப்பார்கள், நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன், நான் எழுந்த பிறகுதான் அவர்களுக்கு. நல்ல வருஷங்கள் அவை. போன தை மாதம் அண்ணிக்கு வாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால். வாய் மட்டும் போகவில்லை. போயிருந்தால் உனக்குக் கொஞ்சம் நிம்மதி.

செந்தில் வந்தான். உன் முழங்கை, உன் மூக்கு, உன் தொண்டையைச் செருமுகிற விதம். தாம்பரம் தாண்டி ஒரு ஹோமில் பேசி வைத்திருப்பதாகச் சொன்னான். கட்டில், டிவி, வேளாவேளைக்குச் சாப்பாடு. "இங்க அம்மாவுக்கு யாரு ஆக்கிப் போடுவா சித்தப்பா?" "நான்" என்றேன். பலமாகச் சிரித்தான். பிறகு ஒரு வழி சொன்னான். உன் திதிக்கு வருவானாம். சமையலுக்கு ஆள் வைக்காமல் நானே படையல் சமையலைச் செய்து காட்டவேண்டுமாம். செய்தால் அம்மா இருக்கட்டும், இல்லையென்றால் அன்று சாயங்காலமே காரில் ஏற்றிவிடுவான். படையல் போட முடிந்தவனால் தினசரிச் சோறு பொங்க முடியாதா என்பது அவன் கணக்கு. நியாயமான ஆள் மாதிரிதான் பேசினான். நீயும் வெளியாட்களிடம் அப்படித்தான் பேசுவாய்.

நான் செய்த முதல் பொரியல் வெண்டைக்காய். மூடி போட்டு வேகவைத்தேன். திறந்தால் கூழ். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இதச் செவுத்துல பூசலாம் தம்பி. மழைக்குத் தாங்கும்."

இருந்தாலும் இலை போட்டு வைத்தேன். இடது கையில் கரண்டி பிடித்து ஒரு வாய் சாப்பிட்டார்கள். கரண்டியை வைத்துவிட்டு, இலையின் ஓரத்தைப் பிடித்து, மெதுவாக, என்னைப் பார்த்துக்கொண்டே, எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடினார்கள்.

எனக்கு யாரோ நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. ஐம்பது வருஷமாகப் பார்த்த காரியம்தான். என் இலைக்கு நடந்தபோதுதான் எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

"வலிக்குதா தம்பி?"

"வலிக்குது அண்ணி."

"ஒரு நாளைக்கேவா?"

அதற்குப் பதில் நீ சொல்லேன்.

மறுநாளிலிருந்து முக்காலியில் உட்கார்ந்து என்னை ஆட்டி வைத்தார்கள். பெருந்தீ, பெருந்தீ என்று கத்துவார்கள். கேஸ் அடுப்பைக் குறைத்தால் திட்டு. காயைத் தடியாக அரிந்தால், "மாட்டுக்குப் போடுறதா நெனச்சீங்களா?" என்பார்கள். பிழிந்த காய்க்குத் திரும்ப உப்புப் போடக் கூடாது, ஒட்டியிருக்கிற உப்பே போதும் என்று பத்து தரம் சொன்னார்கள். நேரத்துக்குக் கணக்கு உன் கால்தான். "இப்ப சைக்கிள நிறுத்திட்டாரு. இப்ப வலது கால். இப்ப இடது கால். துண்ட எடுத்துட்டாரு. தேங்கா, தம்பி, தேங்கா." செத்த பிறகும் உன்னை வைத்து வேலை வாங்கினார்கள். ஆடி பிறப்பதற்குள் எனக்குக் கை வந்துவிட்டது. அண்ணி அந்தப் பொரியலைச் சட்டியிலிருந்து நேராக, ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். ஒரு நாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என்ன அண்ணி என்று கேட்டேன்.

"கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து இப்பத்தான் பொரியலச் சூடாத் திங்கிறேன். அதுக்குள்ள என்னை எங்க அனுப்புறான் அவன்?"

இதுதான் விஷயம் அண்ணே. ஒரு கிழவிக்குச் சூடாக ஒரு பிடி பொரியல். அது இந்த வீட்டில் கிடைக்குமா, கிடைக்காதா.

உன் திதி வந்தது. செந்தில் மட்டும் வந்தான், மருமகளுக்கு லீவு இல்லை. காலையில் பாமணியாற்றில் முழுகிவிட்டு வந்து சாம்பார், வாழைக்காய் வறுவல், அப்பளம், பாயசம் எல்லாம் இறக்கிவிட்டேன். பந்திக்கு இரண்டு பங்காளிகளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உனக்குப் பிடித்ததைப் படைக்கவேண்டும் இல்லையா? புடலங்காய். நூர்ஜஹான் தன் பந்தலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக வளர்த்த காய். வேலிக்கு மேலாக நீட்டினாள். அரிந்து, உப்புப் போட்டுப் பிழிந்து தயாராக வைத்தேன். படையலுக்குச் செய்வதை நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. செத்தவர்களுக்கு முன்னால் உயிரோடு இருப்பவன் ருசி பார்த்தால் எச்சில்.

கடுகு வெடிக்கிறது, செந்தில் அடுப்படி நிலையில் வந்து நின்றான்.

"எதுக்கு சித்தப்பா ஒங்களுக்கு இந்த வேலை? கார் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துடும்."

"இன்னும் நீ சாப்பிடவே இல்லையேப்பா."

"சாப்பிட்டா மட்டும்? ஒங்களுக்கு என்ன வயசு? நாளைக்கு நீங்க விழுந்தா, ரெண்டு கட்டையை நான் தூக்கணும்."

கட்டை என்றான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை உப்பு ஜாடிக்குள் போய், ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு வந்தது. கை செய்ததைக் கண் பார்க்கவில்லை. அண்ணி முக்காலியிலிருந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படைத்துவிட்டுக் கூரையில் காக்கைக்கு வைத்தோம். ஒரு காக்கை உடனே வந்தது. அப்பளத்தைத் தின்றது. பாயசத்தில் அலகை விட்டது. புடலங்காயை ஒரு கொத்து கொத்தி, தலையை உதறி, அலகை ஓட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துவிட்டுப் பறந்துபோனது. அது நீயா? நீயாகத்தான் இருக்கவேண்டும். வேறு எந்தக் காக்கைக்கு அவ்வளவு கொழுப்பு?

செந்தில் ஒரு வாய் வைத்தான். முகம் சுருங்கியது. "வேதாரண்யத்து உப்பளத்துலேருந்தா காய் வாங்குனீங்க சித்தப்பா?" பங்காளிகள் இருவரும் சிரித்தார்கள். பாதிச் சோறு அப்படியே இருக்க, இலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடினான். கையைப் பார்த்தேன். உன் கையேதான். திதி நாளில் அப்படி மூடுவதுதான் முறை, யாரும் தப்புச் சொல்ல முடியாது. உனக்கு உன் மாமனார் செத்த நாள் கிடைத்த மாதிரி அவனுக்கு உன் திதி கிடைத்தது.

"அம்மா துணிமணிய எடுத்து வைங்க" என்று எழுந்தான்.

"தம்பி, எனக்கு இலை போடுங்க" என்றார்கள் அண்ணி.

கூடத்தில், நீ உட்காருகிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சோறு வைத்தேன். பொரியல் வைத்தேன். அன்று கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு இடது கையாலேயே பிசைந்தார்கள். கோணலாக மூடிய வாயோரம் ஒழுகியது, துடைக்கவில்லை. ஒரு பிறை, இன்னொரு பிறை, ஒன்று விடாமல் சாப்பிட்டார்கள்.

"விடும்மா. ஒரே உப்பு. பிரஷர் இருக்குல்ல ஒனக்கு" என்றான் செந்தில்.

"இன்னும் கொஞ்சம் வைங்க தம்பி."

எனக்குக் கை வரவில்லை. வைங்க என்று என்னை முறைத்தார்கள். வைத்தேன். அதையும் சாப்பிட்டார்கள். இலை கழுவிவிட்ட மாதிரி ஆனது. பிறகு அந்த இடது கையை நீட்டி, எதிர் ஓரத்தைப் பிடித்து, கல்யாண வீட்டில் மூடுகிற மாதிரி, தன் பக்கமாக மூடினார்கள். நடுவில் ஒரு தரம் இலை கையிலிருந்து நழுவியது. திரும்பப் பிடித்து மூடினார்கள்.

வயதான பங்காளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, இன்னைக்கு அந்தப் பக்கமில்ல மூடணும்" என்றார்.

"அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதா? அம்பது வருசமா அதத்தானே பாத்தேன்." பிறகு செந்திலிடம் திரும்பினார்கள். "எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு. காரு வந்த வழியே போவட்டும்."

செந்தில் பங்காளிகளைப் பார்த்தான். மூடியிருந்த இலையைப் பார்த்தான். அப்பாவின் திதியில் அம்மா கல்யாண இலை மூடியதை இரண்டு பங்காளிகள் பார்த்துவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குமேல் அம்மாவை எங்கே இழுத்துக்கொண்டு போவது? காரில் அவன் மட்டும்தான் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். மருந்து சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறான். ஹோம் பேச்சு இல்லை.

அந்த இலையை நான்தான் எடுத்துக் கொல்லையில் போட்டேன். அன்று முழுக்க அண்ணி சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

"தெரியும். நீங்க போட்டப்பவே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி. இன்னும் கொஞ்சம் காய் இருந்துச்சே."

"அவன் என்ன செய்வான்னு நான் பாக்கவேணாமா?" என்றார்கள். "பெத்துட்டேன். யாரைப் பெத்தேன்னு தெரியவேணாமா?"

உன் மகனை இதைவிடக் கொடுமையாக யாரும் நிறுத்துப் பார்த்திருக்க முடியாது. நீகூட.

நூர்ஜஹானுக்குக் கை வலிக்கிறதாம். முடித்துவிடுகிறேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். எனக்குக் கால் நிற்கிற வரைக்கும் ஒவ்வொரு திதிக்கும் உன் இலையில் புடலங்காய் பொரியல் இருக்கும். சட்டியில் ஒரு தரம்தான் உப்பு. அது எங்களுக்கு. உன் பங்கை மட்டும் தனியாக எடுத்து இரண்டாம் தரம் போடுவேன். அலகைத் துடைத்துக்கொள்ள ஓடு இருக்கிறது. மற்ற நாளெல்லாம், நீ கால் கழுவி வருகிற நேரத்துக்குள், சட்டியிலிருந்து நேராக, அது யாருடைய இலைக்குப் போகவேண்டுமோ அந்த இலைக்குப் போகும்.

அந்த முதல் நாள் பொரியல் அன்று இந்த வீட்டில் இருந்தவர்களில் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. நீ போய்விட்டாய். என்னை நீ ஒரு ஆளாக எண்ணியதில்லை, அதனால் நானும் எண்ணிக்கொள்ளவில்லை. மிச்சம் இருப்பது ஒருத்தி. நீ அவளை 'ஏய்' என்றாய், 'இந்தா' என்றாய். ஊர் உன் பெண்சாதி என்றது. நான் அண்ணி என்றேன். ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத அந்தப் பெண் இப்போது முக்காலியில் உட்கார்ந்து, "இன்னும் எழுதி முடியலயா, அடுப்பப் பத்தவைங்க" என்று சத்தம் போடுகிறாள்.

கடைசியில் 'உன் அன்புத் தம்பி' என்று போடவா மாமா என்று நூர்ஜஹான் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் யாருக்கு என்ன உறவோ, அதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

தையல்நாயகியின் கொழுந்தன்.